சென்னை – லண்டன்: 8,230 கிலோமீட்டரில் யாரும் பறப்பதில்லை

சென்னையிலிருந்து லண்டன் எவ்வளவு தூரம் என்று தேடினால் திரையில் வந்து நிற்கும் எண் 8,200 சொச்சம் கிலோமீட்டர். பயண நேரம் என்ற இடத்தில் சில தளங்கள் 9½ மணி என்னும், சில 10½ என்னும். டிக்கெட்டை எடுத்துப் பார்த்தால் 11 மணியை ஒட்டி இருக்கும். யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் வேறொன்றை அளந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

முதலில் அந்த 8,230 எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். ஒரு கால்குலேட்டர் போதும். சென்னை விமான நிலையம் வடக்கு அட்சரேகை 12.99, கிழக்குத் தீர்க்கரேகை 80.17. லண்டன் ஹீத்ரோ வடக்கு 51.47, மேற்கு 0.45. தீர்க்கரேகை வித்தியாசம் 80.62 பாகை. இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்கினால் 0.176. அவற்றின் கொசைன் மதிப்புகளைப் பெருக்கி, தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனாலும் பெருக்கினால் 0.099. கூட்டினால் 0.275. எந்தக் கோணத்தின் கொசைன் இது என்று கேட்டால் விடை 74 பாகை. பூமியின் மையத்தில் நின்று பார்த்தால் இரண்டு ஊருக்கும் நடுவே விரியும் கோணம் அது. ஒரு பாகைக்குத் தரையில் 111.2 கிலோமீட்டர். பெருக்கினால் 8,230-ஐத் தொட்டு நிற்கும். பூமி துல்லியமான உருண்டை இல்லை. நடுவில் சற்றுப் பருத்தது. அதனால் அரை சதவீதம் வரை கூடவோ குறையவோ செய்யலாம். ஊர் மையத்திலிருந்து ஊர் மையத்துக்கு அளக்கும் தளங்களுக்கும் விமான நிலையத்திலிருந்து அளக்கும் தளங்களுக்கும் பத்து இருபது கிலோமீட்டர் வேறுபாடு வருவதும் இயல்பு. ஹீத்ரோவே லண்டன் மையத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் மேற்கே கிடக்கிறது.

இங்கேயே ஒரு வழுக்கல் உண்டு. விமானிகளின் தாள்களில் தூரம் நாட்டிகல் மைலில்தான் இருக்கும். ஒரு நாட்டிகல் மைல் 1.852 கிலோமீட்டர். அந்தக் கணக்கில் சென்னை – லண்டன் 4,444. சாதாரண மைலில் 5,114. இந்த இரண்டையும் 'மைல்' என்ற ஒரே சொல்லால் எழுதிவிட்டு, பிறகு 1.6-ஆல் பெருக்கிக் கிலோமீட்டராக்கும் தவறை இணையத்தில் அடிக்கடி பார்க்கலாம். ஓர் ஊரின் தூரம் திடீரென்று ஆயிரம் கிலோமீட்டர் குறைந்து தெரிந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மேலே கண்டுபிடித்தது பெருவட்டப் பாதை: உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள மிகக் குறுகிய வழி. பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் சென்னையையும் லண்டனையும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டால் அது மஸ்கட் பக்கமாக, குவைத் பக்கமாக, பாக்தாத் வழியாகப் போகும். அந்தக் கோட்டின் உண்மையான நீளம் ஏறத்தாழ 8,480 கிலோமீட்டர். உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்தால் நூல் இன்னும் வடக்கே ஏறும். சென்னையை விட்டு வடமேற்காகக் கிளம்பி சூரத்துக்கு மேலே போகும். பாகிஸ்தானில் கராச்சிக்கு வடக்கே சிந்து மாகாணம். அடுத்து கிழக்கு ஈரான். பாகு நகருக்குத் தெற்கே காஸ்பியன் கடல். அப்புறம் தென் ரஷ்யா, தென் உக்ரைன், போலந்தின் கிராக்கோவ், ஜெர்மனி, லண்டன். சுவர்ப் படக் கோட்டைவிட 250 கிலோமீட்டர் மிச்சம்.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். பாகிஸ்தான், ஈரான், ரஷ்யா, உக்ரைன். உலகத்தில் விமானங்கள் தயங்கும் வான்வெளிகளை ஒரு நூலில் கோத்தால் அது கிட்டத்தட்ட சென்னை – லண்டன் பெருவட்டமாகத்தான் வரும். தூரத்தைக் கணிதம் சொல்லிவிடும். நேரத்தைச் சொல்ல வேண்டுமென்றால் செய்தித்தாளையும் கூட வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கிழக்கு உக்ரைன் மேலே 2014 ஜூலை 17 அன்று மலேசிய விமானம் எம்எச்17 சுட்டு வீழ்த்தப்பட்டது. 2022 பிப்ரவரி 24-ல் போர் தொடங்கியதும் உக்ரைன் வான்வெளி முழுவதும் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. மறுநாளே ரஷ்யா பிரிட்டிஷ் விமானங்களுக்குத் தடை போட்டது. ஈரான் மேலே 2020 ஜனவரி 8 அன்று டெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் விமானம் ஏவுகணைக்கு இரையானது. ஆப்கானிஸ்தானில் 2021 ஆகஸ்டிலிருந்து வான்வழிக் கட்டுப்பாடு என்பதே இல்லாமல் போனது. பாகிஸ்தான் 2019 பிப்ரவரி 27 முதல் ஜூலை 16 வரை தன் வான்வெளியின் பெரும்பகுதியை அடைத்து வைத்தது. 2025 ஏப்ரல் 24-ல் இந்திய விமானங்களுக்கு மட்டும் மறுபடி மூடியது. அதை மாதா மாதம் நீட்டியும் வந்தது. 2025 ஜூன் 13 அன்று ஈரான், ஈராக், ஜோர்டான், இஸ்ரேல் வான்வெளிகள் ஒரே நாளில் மூடின. பத்து நாள் கழித்து கத்தார், குவைத், பஹ்ரைன், ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவையும் சில மணி நேரம் அடைத்தன.

நேர்வழி இப்படி அடைபட்டால் விமானம் எப்படித்தான் போகிறது? சுற்றுவழிகள் மூன்று என்று வைத்துக்கொள்ளலாம். வழியிலுள்ள ஊர்களை வரிசையாக இணைத்து அளந்தால் ஒவ்வொன்றின் நீளமும் தெரிந்துவிடும்.

வடக்கு வழி: பாகிஸ்தான், காந்தகார் பக்கம் ஆப்கானிஸ்தான், துர்க்மெனிஸ்தான், காஸ்பியன் கடல், அசர்பைஜான், ஜார்ஜியா, கருங்கடல், ருமேனியா. ஏறத்தாழ 8,370 கிலோமீட்டர். பெருவட்டத்தைவிட 140 கிலோமீட்டர்தான் கூடுதல், அதாவது பத்து நிமிடம்கூட இல்லை. ஆனால் ரஷ்யாவுக்கும் ஈரானுக்கும் நடுவே காக்கசஸ் மலைப்பகுதியில் மிஞ்சியிருக்கும் சந்து அகலம் குறைந்தது. ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே பறக்கிற எத்தனையோ விமானங்கள் அதே சந்தில்தான் நுழைகின்றன. ஆப்கானிஸ்தானிலோ கீழேயிருந்து வழிகாட்ட ஆளில்லை. விமானிகளே பொது அலைவரிசையில் தங்கள் இடம், உயரம், அடுத்த புள்ளிக்கு எப்போது வருவோம் என்பதை அறிவித்துக்கொண்டே போக வேண்டும். மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு விலக வேண்டும். தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்புவது போலத்தான். ஈரானும் ஈராக்கும் நெருக்கடியானபோது இந்த வழிக்கு மவுசு கூடியது. ஒரு விமானம் கடந்து போக ஆப்கானிஸ்தான் வாங்கும் கட்டணம் 700 டாலர்.

நடு வழி: மும்பை, அரபிக்கடல், மஸ்கட், வளைகுடா, குவைத், ஈராக், துருக்கி. ஏறத்தாழ 8,510. தெற்கு வழி: மும்பை, மஸ்கட், சவூதி அரேபியாவின் குறுக்கே ரியாத் பக்கம், எகிப்து, மத்தியதரைக் கடல், ஆல்ப்ஸ். ஏறத்தாழ 8,950. இதில் 720 கிலோமீட்டர் கூடுகிறது. நேரக் கணக்கில் முக்கால் மணிக்கு மேல்.

நடு வழியைக் கவனித்தால் ஒரு வேடிக்கை தெரியும். அது சுவர்ப் படத்தில் அளவுகோல் வைத்துப் போட்ட கோட்டின் மேலேயே கிடக்கிறது. 'படத்தில் நேராகத் தெரிவது குறுக்குவழி இல்லை' என்று புவியியல் வகுப்பில் சொல்லிக் கொடுத்ததெல்லாம் சரிதான். ஆனால் நடு வழியில் போகிற நாளில் விமானம் போவது அந்தக் கோட்டை ஒட்டித்தான்.

இது புதிய தலைவலியும் இல்லை. பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் 1929-ல் லண்டன் – கராச்சி சேவையைத் தொடங்கியபோது அதன் விமானங்கள் வளைகுடாவின் பாரசீக (இன்றைய ஈரான்) கரையோரம் புஷைர், ஜாஸ்க் என்று இறங்கி இறங்கிப் போயின. பாரசீக அரசு அனுமதியை நீட்டிக்க மறுக்கவே, 1932 அக்டோபரில் வழி அரபுக் கரைக்கு மாறியது: குவைத், பஹ்ரைன், ஷார்ஜா. அதே அக்டோபரின் 15-ம் தேதி, லண்டனிலிருந்து கராச்சி வந்து சேர்ந்த தபாலை ஏற்றிக்கொண்டு ஜே.ஆர்.டி. டாட்டா பம்பாய்க்குப் பறந்தார். அங்கிருந்து அவருடைய கூட்டாளியான விமானி நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாக மதராஸுக்குக் கொண்டுவந்தார். லண்டனுக்கும் சென்னைக்கும் இடையிலான வான்வழித் தொடர்பு பிறந்த மாதத்திலேயே ஈரானைச் சுற்றிப் போகிற வேலையும் தொடங்கிவிட்டது.

எந்த வழி கிடைக்கும் என்பது விமானத்தின் வால் பக்கம் எழுதியிருக்கும் எழுத்தையும் பொறுத்தது. இந்தியப் பதிவு 'விடி' என்று தொடங்கும், பிரிட்டிஷ் பதிவு 'ஜி' என்று. பாகிஸ்தானின் 2025 தடை 'விடி'க்குத்தான். அதனால் அதே நாளில், அதே ஊரிலிருந்து ஐரோப்பா கிளம்பும் இரண்டு விமானங்களில் ஒன்று பாகிஸ்தான் மேலே போகலாம், மற்றது அரபிக்கடலுக்கு இறங்கிச் சுற்ற வேண்டும். டெல்லியிலிருந்து கிளம்பும் இந்திய விமானங்களுக்கு இது பெரிய அடி. அவற்றுக்கு மேற்கே திரும்பினாலே பாகிஸ்தான்தான். சென்னைக்கு அந்த அளவு வலி இல்லை. தெற்கே இருப்பதால் மும்பை வழியாகக் கடலுக்குள் போவது அதற்குப் பெரிய சுற்றே அல்ல.

தூரம் முடிந்தது. இனி காற்று.

இந்த வழித்தடத்தில் ஓடும் போயிங் 787 ரகம் உச்சி உயரத்தில் காற்றுக்குள் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் போகும். ஆனால் தரையோடு ஒப்பிட்டால் என்ன வேகம் என்பதைக் காற்றுதான் முடிவு செய்கிறது. குளிர்காலத்தில் வட இந்தியா, ஈரான், துருக்கி அட்சரேகைகளில் மேற்கிலிருந்து கிழக்கே, விமானங்கள் பறக்கும் உயரத்தில், ஜெட் காற்று என்ற வேகமான காற்றோட்டம் பாயும். அதன் நடுப்பகுதியில் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வீசுவது சாதாரணம். லண்டன் போகும்போது அதை முட்டிக்கொண்டு போக வேண்டும். திரும்பும்போது அது முதுகில் தள்ளும். கோடையில் ஜெட் காற்று வடக்கே விலகிப் பலமிழக்கும். அந்த மாதங்களில் தென்னிந்தியாவுக்கு மேலே வேறொரு கதை நடக்கும்: தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே வீசும் வெப்பமண்டல ஜெட் காற்று. கீழே மேகம் மேற்கிலிருந்து வர, பன்னிரண்டு கிலோமீட்டர் மேலே காற்று நேர் எதிராகப் போய்க்கொண்டிருக்கும். ஜூலையில் லண்டன் போகும் விமானத்துக்கு முதல் ஒன்றிரண்டு மணி நேரம் பின்னாலிருந்து ஒரு தள்ளு கிடைப்பது இதனால்தான்.

வழி முழுவதும் சராசரியாக மணிக்கு 60 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்று வைத்துக் கணக்குப் போடலாம். போகும்போது தரை வேகம் 840. வடக்கு வழியின் 8,370-க்கு 9 மணி 58 நிமிடம். திரும்பும்போது 960, அதே தூரத்துக்கு 8 மணி 43 நிமிடம். ஒன்றேகால் மணி வித்தியாசம் காற்றினால் மட்டும். 'போகும்போது இழந்ததை வரும்போது பிடித்துவிடலாமே' என்று தோன்றும். முழுசாகப் பிடிக்க முடியாது. எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் தவிக்கிறது, பின்காற்றின் சுகத்தைக் குறைந்த நேரமே அனுபவிக்கிறது. சைக்கிளில் எதிர்க்காற்றில் மிதித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

தெற்கு வழி என்றால் 840 வேகத்தில் 10 மணி 39 நிமிடம். வடக்கு வழியைவிடக் கூடுகிற 40 நிமிடத்துக்கு எரிபொருள் சும்மா வராது. 787 மணிக்குச் சுமார் 5 டன் குடிக்கும். ஆக மூன்று டன்னுக்கு மேல் கூடுதலாக ஏற்ற வேண்டும். ஏற்றிய எரிபொருளைத் தூக்கிக்கொண்டு போகவே எரிபொருள் செலவாகும். கூடுதலாக ஏற்றிய எடையில் மணிக்கு 3 முதல் 4 சதவீதம் என்பது கைக்கணக்கு. பத்து மணி நேரப் பயணத்தில் அந்தக் கூடுதலில் மூன்றில் ஒரு பங்கு தன்னைத் தானே சுமந்ததிலேயே கரைந்துவிடும். எடை எல்லை இடித்தால் முதலில் இறக்கப்படுவது சரக்கு. கொண்டுபோகும் எரிபொருளில் பயணத்துக்கானது தவிர, எதிர்பாராததற்கு ஒரு பங்கு, ஹீத்ரோ மூடியிருந்தால் மாற்று விமான நிலையத்துக்குப் போக ஒரு பங்கு, கடைசியாக 1,500 அடி உயரத்தில் 30 நிமிடம் வட்டமடிக்க ஒரு பங்கு. அந்தக் கடைசி 30 நிமிட எரிபொருளைத் தொட வேண்டி வரும் என்று தெரிந்தாலே விமானி அவசரநிலை அறிவித்தாக வேண்டும்.

இப்போது பறக்கும் நேரம் கையில் இருக்கிறது. டிக்கெட்டில் இருப்பது அது இல்லை. விமானத் துறையில் அதற்குப் பெயர் பிளாக் டைம்: நிறுத்துமிடத்தில் சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்ததிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கும் வரை. மேலேறவும் கீழிறங்கவும் வேகம் குறைவதால் 15 நிமிடம் சேருங்கள். இரண்டு பக்கமும் தரையில் ஊர்ந்து போக ஆளுக்குக் கால் மணி. ஹீத்ரோவுக்கு மேலே காத்திருக்க ஒரு பத்து நிமிடம். வடக்கு வழியின் 9:58 இப்படித்தான் 10 மணி 50 நிமிடத்தைத் தாண்டுகிறது. தெற்கு வழியானால் 11½ மணி.

புறப்படும்போதே ஐந்து நிமிடம் போகவும் வரவும் இடமுண்டு. சென்னையின் பிரதான ஓடுபாதை 07/25 (ஒரே பாதையின் இரு திசைகளுக்கு இரு எண்கள்), நீளம் 3.6 கிலோமீட்டர் சொச்சம். காற்று மேற்கிலிருந்து வந்தால் விமானம் 25 பக்கமாக மேற்கு நோக்கி எழும்பும். லண்டன் அந்தத் திசைதான். கடற்காற்று வீசும் பொழுதில் 07 பக்கம், அதாவது கடலைப் பார்த்து எழும்பி, அப்புறம் வளைந்து வடமேற்கே திரும்ப வேண்டும். ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே வங்கக்கடலைப் பார்த்து 'லண்டன் போக ஏன் இந்தப் பக்கம்' என்று குழம்புகிறவர்களுக்கு இதுதான் பதில். மறுமுனையில் ஹீத்ரோவுக்கு இரண்டே ஓடுபாதைகள். விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் சேர்த்து ஆண்டுக்கு 4,80,000 முறை என்ற உச்சவரம்பு. அதை ஒட்டியே ஓடிக்கொண்டிருக்கும் நிலையம். வந்து சேரும் விமானங்கள் போவிங்டன், லாம்போர்ன், ஆக்கம், பிக்கின் என்ற நான்கு இடங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வட்டமடிக்க வைக்கப்படும். அடுக்கின் அடியில் இருப்பவர் இறங்க இறங்க மேலிருப்பவர் ஆயிரம் அடி கீழே வருவார். சென்னையிலிருந்து போகிறவர் பெரும்பாலும் கிழக்கிலிருந்து வருவதால் லாம்போர்ன் அல்லது பிக்கின்.

அட்டவணை போடுகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியும். அதனால் நேரத்தைக் கொஞ்சம் தாராளமாகவே எழுதுவார்கள். அட்டவணை நேரத்துக்கு 15 நிமிடத்துக்குள் வந்தால் அது 'சரியான நேரம்' என்பது உலக வழக்கம். பெயர் கெடாமல் இருக்க இந்தத் தாராளம் உதவும். '20 நிமிடம் முன்னதாகவே தரையிறங்கிவிட்டோம்' என்ற அறிவிப்பில் மகிழ்ச்சி அடைவதற்கு முன் இதையும் நினைத்துக்கொள்வது நல்லது. இறங்கிய பிறகு நிறுத்துமிடம் காலியில்லை என்று அதே 20 நிமிடம் தரையில் காத்திருப்பதும் நடக்கும்.

டிக்கெட்டிலிருந்து நேரத்தைக் கணக்கிடும்போது தடுக்குவது கடிகாரம். இந்தியாவில் மணி மாறுவதில்லை, பிரிட்டனில் மாறும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை வித்தியாசம் 4½ மணி, மற்ற மாதங்களில் 5½. மேற்கே போகும்போது இதைக் கூட்ட வேண்டும், கிழக்கே வரும்போது கழிக்க வேண்டும். எடுத்துக்காட்டுக்கு, ஜூனில் சென்னையில் காலை 5:30-க்குக் கிளம்பி லண்டனில் பகல் 12 மணிக்குச் சேர்வதாகப் போட்டிருந்தால், கடிகாரத்தில் 6½ மணிதான் தெரியும். 4½ கூட்டினால் 11. லண்டனில் பகல் 1 மணிக்குக் கிளம்பி மறுநாள் விடியற்காலை 3:30-க்குச் சென்னை என்றால் கடிகாரத்தில் 14½; 4½ கழித்தால் 10. அக்டோபர் கடைசி ஞாயிறுக்கு முன் போய் நவம்பரில் திரும்புகிறவர்கள் போவதற்கு ஒரு வித்தியாசம், வருவதற்கு ஒரு வித்தியாசம் என்று போட்டாக வேண்டும். நிலையத்துக்கு அழைக்க வருகிறவர் ஒரு மணி நேரம் முன்பின்னாக வந்து நிற்பதற்கு வழக்கமான காரணம் இதுதான்.

நேர் விமானம் கட்டுப்படியாகாமல் நடுவில் மாறிப் போகிறவர்கள், 'அது சுற்றுவழி, அதனால்தான் நேரமாகிறது' என்று நினைப்பதுண்டு. அளந்து பார்த்தால் அப்படியில்லை. துபாய் வழியாக 2,930-ம் 5,500-ம் சேர்ந்து 8,430 கிலோமீட்டர். தோஹா வழியாக 8,520. டெல்லி வழியாக 8,490. எல்லாமே பெருவட்டத்தை ஒட்டிய எண்கள். நேர் விமானமே தெற்கு வழியில் போகிற நாளில் இவற்றைவிட அதிக தூரம் பறக்கும். நேரத்தைத் தின்பது நடுவே உள்ள காத்திருப்பும், இரண்டாவது முறை ஏறி இறங்குவதும்தான். தூரத்தாலேயே உண்மையில் சுற்றாக இருப்பது கொழும்பு வழி, சுமார் 9,360.

அப்படியானால் யாரும் பறக்காத அந்த 8,230 எதற்குப் பயன்படுகிறது? சட்டத்துக்கு. பிரிட்டனில் விமானத் தாமத இழப்பீட்டு விதி தூரத்தைப் பெருவட்டத்தில்தான் அளக்கச் சொல்கிறது. விமானம் எப்படிச் சுற்றியது என்பது பொருட்டல்ல. 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் 4 மணிக்கு மேல் தாமதமானால் ஆளுக்கு 520 பவுண்டு. 3 முதல் 4 மணி வரை என்றால் அதில் பாதி. லண்டனிலிருந்து கிளம்பும் எந்த நிறுவனத்துக்கும் இது பொருந்தும். சென்னையிலிருந்து லண்டன் போவதற்கோ, பிரிட்டிஷ் அல்லது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால் மட்டும். வான்வெளி திடீரென்று மூடியதால் வந்த தாமதம் நிறுவனத்தின் கையை மீறியது என்பதால் பணம் கிடைக்காது. ஆனால் சாப்பாடும், தேவைப்பட்டால் தங்க இடமும் தந்தே ஆக வேண்டும். பிரிட்டன் வசூலிக்கும் விமானப் பயண வரி இன்னொரு வகை விந்தை: அது நீங்கள் போகும் ஊரைப் பார்ப்பதில்லை, லண்டனிலிருந்து அந்த நாட்டின் தலைநகர் எவ்வளவு தூரம் என்று பார்க்கும். சென்னைக்கு டிக்கெட் எடுத்தாலும் வரி டெல்லி தூரத்துக்குத்தான்.

தாமதத்தை எந்த நொடியிலிருந்து எண்ணுவது என்றும் வழக்கு நடந்திருக்கிறது. சக்கரம் தரையைத் தொட்டபோதா, கட்டை வைத்தபோதா? 2014-ல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. விமானத்தின் ஒரு கதவாவது திறந்து, பயணிகள் இறங்கலாம் என்று ஆகிற நேரம்தான் வந்து சேர்ந்த நேரம் என்றது. இழப்பீடு கேட்கும் எண்ணம் இருந்தால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியது அப்போதுதான்.